காது மடலைத் திருப்பிப் பார்ப்பது

உம்முடைய பேரனின் காதை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டாம், பிள்ளை. மற்ற எல்லாம் செய்து தருகிறேன். நல்லெண்ணெய் தேய்க்கிறேன், கை காலை நீவி விடுகிறேன், மூக்கைப் பிடித்து விடுகிறேன், குளிக்க வார்த்துத் துவாயில் சுற்றி உம்முடைய மடியில் தருகிறேன். சாம்பிராணியும் இல்லை. போன வருசம் நான் சாம்பிராணி காட்டப்போய் புகை மணி அடித்து, கீழ் வீட்டு டெனிஷ்காரன் பூனையையும் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பனிக்குள் ஓடியதை நீரும் பார்த்தீர். பாவம், இன்றைக்கும் என்னைக் கண்டால் ஒதுங்கித்தான் போகிறான்.

நேற்று மாடிப்படியில் வைத்து, பேரனுடைய காதைப் பார்த்து நிறம் சொல்லுங்கள் என்று நீர் கேட்டீர். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். உம்மில் கோபம் இல்லை. எனக்கு என்னிலேயே ஒரு அருவருப்பு வந்துவிட்டது. இந்தத் தண்ணீர் இன்னும் கை வைக்க முடியாத சூடு. உம்முடைய மகளும் பேரனும் உள்ளே நித்திரை. ஆறும்வரைக்கும் சொல்கிறேன், கேளும். அந்தத் தேத்தண்ணியையும் இங்கால் தள்ளி வையும்.

எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பது உமக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறினாலும் நம்பரின் வடிவத்தைப் பார்த்துத்தான் ஏறுவேன். ஆனால் காது வாசிப்பேன். பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் சிவந்து போய்க் கிடக்கும். காது மடலின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால், வளர்ந்த பிறகு என்ன நிறத்தில் நிற்கும் என்று அங்கே தெரியும். வெள்ளையா, பொது நிறமா, கறுப்பா என்று சொல்லிவிடுவேன். ஒருநாளும் பிழை போனதில்லை. இந்த ஹ்விடோவ்ரே ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அங்கே தூர ஓல்போர்க்கில் பிள்ளை பிறந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே காதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார்கள். முகம் இல்லை, காது மட்டும். என் போனைத் திறந்தால் காது காதாக வரும். ஒருநாள் எனக்கு இரத்தம் எடுக்க வந்த பெட்டை அதைப் பார்த்துவிட்டு, நீங்கள் காது டொக்டரோ என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெருமையோடுதான் இந்த வசந்த காலம் வரைக்கும் திரிந்தேன்.

கோல்டிங்கில் இருக்கிற என் மகன் ஜப்பான்காரியைக் கட்டியவன் என்று உமக்குத் தெரியும். நீர் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்திய கதை அது. நல்ல பிள்ளை. சத்தமில்லாத பிள்ளை. எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது, என்னுடைய டெனிஷோ கடையில் பால் வாங்கும் அளவுக்குத்தான். அவளுக்குத் தமிழில் மாமி, சோறு, உறைப்பு, போதும் என்பதற்குக் காணும் என்று ஒரு கை விரலுக்குள் அடங்கும். இருந்தும் இத்தனை வருசத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டை வந்ததில்லை. சண்டை பிடிக்கப் பாஷை வேண்டுமே.

அவர்களுக்கு ஒரே ஒரு மகள். பத்தொன்பது வயது. வடிவென்றால் வடிவு. தாயின் கண், தாயின் நாடி, நிறமும் சுருட்டை மயிரும் என்னுடையது. நான் கறுப்பு, பார்க்கிறீர்தானே. என் காதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் என்னைக் கறுப்பி என்று கூப்பிடத் தொடங்கினார்களாம், தொட்டிலில் கிடந்தபோதே. அதனால்தானோ என்னவோ, பேத்தி பிறந்த அன்று கோல்டிங் ஆஸ்பத்திரிக்குள் போனவுடன் நான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே காதைத்தான் திருப்பினேன். விளிம்பு கறுத்துக் கிடந்தது. ஜப்பான்காரியைக் கட்டியும் தப்பவில்லையே என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. மருமகள் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். இங்கே இருக்கிற ஜப்பான்காரர் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், எங்களுடைய சங்கம் மாதிரித்தான், செருப்பு மட்டும் ஒழுங்காக அடுக்கியிருக்கும். வசந்த விழாவில் அவர்கள் ஒரு அழகிப் போட்டி நடத்தினார்கள். தாயோ தகப்பனோ ஜப்பானாக இருக்க வேண்டும். தெரிவாகிற பெட்டையை ஜப்பானுக்கு அனுப்பி, வெளிநாட்டில் வளர்ந்த ஜப்பான் பிள்ளைகளின் பெரிய போட்டியில் நிறுத்துவார்களாம். என் பேத்திக்கு அதில் பெரிய ஆசை. அழகி என்ற பட்டத்துக்கு இல்லை. சின்ன வயதில் இருந்து சனிக்கிழமைகளில் ஜப்பான் பள்ளிக்கூடம் போனவள். அங்கேயும் அவளைப் பார்த்து நீ எந்த ஊர் என்று கேட்பார்களாம். டெனிஷ் பள்ளிக்கூடத்திலும் அதே கேள்வி. எங்களுடைய பொங்கல் விழாவிலும் அதே கேள்விதான், அதுவும் தமிழில். ஒரு தரமாவது ஒரு மேடையில் ஏறி நின்று, யாரும் கேட்காமல், ஜப்பான் பிள்ளை என்று எழுதின பட்டியைத் தோளில் போட வேண்டும் என்று நினைத்தாள்.

விழாவுக்கு முதல்நாள் தாயும் மகளும் என் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். கிமோனோவைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தார்கள். மருமகளின் தாய் கலியாணத்துக்கு முன்னம் உடுத்தினது. மனுசி இப்போது படுக்கையில், அந்தக் கிமோனோவில் பேத்தி நிற்கிற படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தா. நல்ல தடித்த பட்டு, வெளிர் நாவல் நிறம். எங்களுடைய கூறைச் சேலையை விடப் பாரம். நான் தடவித் தடவிப் பார்த்தேன். போட்டிக் கடதாசியைப் பேத்தி எனக்கு வாசித்துத் தமிழில் சொன்னாள். அதில் ஒரு வரி, ஜப்பானுக்குரிய அழகு உள்ளவராக இருக்க வேண்டும் என்று. அது எப்படி அழகு என்று கேட்டேன். பேத்தி தாயைக் கேட்டாள். தாய் யோசித்தாள், தோளைக் குலுக்கினாள், பிறகு எழும்பிப் போய் என் சிங்கில் கிடந்த சட்டிகளைக் கழுவினாள். மினுங்க மினுங்கக் கழுவி வைத்தாள்.

அடுத்த நாள் காலையில் மண்டபத்துக்குப் போனோம். மேடைக்குப் பின்னால் உடுத்தி விடுகிற அறை. அங்கே ஒரு அம்மா. என் வயது இருக்கும். நெற்றியில் ஒரு மயிர் விலகாத தலை. எல்லாப் பெட்டைகளுக்கும் கிமோனோ கட்டி விடுவது அவர்தான். அவருடைய கையைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. துணியை மடிக்கிறதும், நாடாவை இழுத்து முடிகிறதும், இடுப்பில் துவாயை வைத்துச் சமன் செய்கிறதும். சேலை கட்டி விடுகிற எனக்கு அந்தக் கை விளங்கியது. கிமோனோவுக்குப் பின் கழுத்துத் தெரிய வேண்டுமாம், சட்டைக் கழுத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டார். அங்கேதான் அவருடைய கை நின்றது.

பேத்தியின் பின் கழுத்தைப் பார்த்தார். ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே மூன்று பூச்சு மா டப்பி. வேர்வையும் வாசனையும் சேர்ந்த ஒரு புளித்த மணம். எத்தனை கழுத்தில் தேய்த்த பஞ்சோ, விளிம்பெல்லாம் திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. பிறகு அவர் பேத்தியின் மயிரை ஒதுக்கி, இரண்டு விரலால் காது மடலைப் பிடித்து, முன்னுக்கு மடித்துப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

பிள்ளை, நான் என் கையைப் பார்த்தேன். அந்த இரண்டு விரல், அந்தப் பிடி, அந்தத் தலைச் சாய்ப்பு. அது என்னுடைய கை. நான் பார்ப்பது எவ்வளவு கறுக்கும் என்று. அவர் பார்த்தது எதுவரைக்கும் வெளுக்கலாம் என்று. காதுக்குப் பின்னால் வெயில் படாத இடம் கொஞ்சம் வெளிறி இருக்குமே, அதுதான் இவளுடைய உண்மையான நிறம், அதற்கு ஏற்ற மாவைப் பூசினால் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று அவர் டெனிஷில் சொன்னதைப் பேத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். தன்மையாகத்தான் சொன்னார். எங்களுடைய ஆட்கள் மாதிரி நாக்கை நீட்டிச் சொல்லவில்லை. ஒரு கோதை உரித்துவிட்டு உள்ளே இருக்கிற பழத்தைக் காட்டுகிற மாதிரிச் சொன்னார். மருமகள் தலையைக் குனிந்து சரி என்றாள். பஞ்சு கழுத்தில் பட்டது. பின் கழுத்தில் வெள்ளையாக ஒரு கை அகலத்துக்கு, பிட்டுக்கு மா குழைத்துக் கொட்டின மாதிரி.

பேத்தி தாயைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என்னைத்தான் பார்த்தாள்.

"அப்பம்மா, நீங்கள் சொல்லுங்கோ. பூசட்டோ, விடட்டோ?"

"வேண்டாம்," என்றேன்.

"அப்ப என்ர சாமத்தியவீட்டில ஏன் பூச விட்டனீங்கள்?"

அவள் கேட்டது சரி. அவள் பெரியபிள்ளையான அந்தச் சாமத்தியவீட்டுப் படம் என் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, நீரும் பார்த்து வடிவென்று சொன்னீர். நான்தான் மேக்கப்காரியைப் பிடித்துக் கொண்டுவந்தேன். கொஞ்சம் எடுப்பாகப் பூசும் பிள்ளை என்று நான்தான் சொன்னேன். அவள் எரிகிறது என்று அழ, கொஞ்ச நேரம் பொறு என்று தோளைப் பிடித்து அமத்தினதும் நான்தான். படத்தில் முகம் ஒரு ஊர், கை ஒரு ஊர். வந்த சனம் எல்லாம் பிள்ளை என்ன நிறம் என்ன நிறம் என்று சொல்ல, எனக்கு உச்சி குளிர்ந்தது. எங்கள் ஆட்கள் கலியாணம் பேச வந்தால் முதல் கேட்கிறது அதைத்தானே. படிப்பு இரண்டாவது. ஜப்பான்காரரைப் பற்றி நான் என்ன கதைக்க.

"அண்டைக்கு நான் செய்தது பிழை மோனை," என்றேன்.

எனக்கு வாயால் அதற்கு மேல் வரவில்லை. கைதான் வந்தது. சேலைத் தலைப்பை எடுத்தேன், நாக்கில் வைத்து நனைத்தேன், அவளுடைய பின் கழுத்தைத் துடைத்தேன். எங்கள் வீடுகளில் பிள்ளையின் வாயில் சோறு ஒட்டினால் துடைக்கிற மாதிரி. ஒரு தரம் துடைக்கப் போகவில்லை. திரும்ப நனைத்துத் துடைத்தேன். மா என் நாக்கில் ஏறி, சவர்க்காரமும் சுண்ணாம்பும் சேர்ந்த மாதிரி ஒரு கயர்ப்பு. இன்னும் நினைத்தால் துப்பத் தோன்றுகிறது.

அந்த அம்மா பட்டில் எச்சில் படப் போகுது என்று கையை மார்பில் வைத்துக்கொண்டு இரண்டடி பின்னுக்குப் போனார். அவருடைய முகத்தில் இருந்தது எனக்கு விளங்கியது. அவருக்கு என் எச்சிலில் அருவருப்பு, எனக்கு அவருடைய பஞ்சில் அருவருப்பு. ஒரே வயதுக் கிழவிகள் இரண்டு பேர், நடுவில் ஒரு குமர்ப்பிள்ளை. பூசாமல் போனால் தெரிவு செய்ய மாட்டார்கள் என்று அவர் பேத்திக்கு மெல்லச் சொன்னாராம். பேத்தி தெரியும் என்று சொல்லிவிட்டு, மயிரை ஊசி குத்தித் தூக்கிக் கட்டச் சொல்லிக் கேட்டாள். அவரும் கட்டி விட்டார். நல்லாகத்தான் கட்டினார். வேலையில் வஞ்சகம் வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மேடையில் அவள் நின்ற நிலையை நீர் பார்த்திருக்க வேண்டும். நாவல் நிறப் பட்டும் கறுத்தக் கழுத்தும். நடுவர் மூன்று பேர் ஜப்பான் பாஷையில் கேள்வி கேட்டார்கள். மற்றப் பெட்டைகள் திக்கித் திக்கிச் சொல்ல, இவள் கடகடவென்று சொன்னாள். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை, ஆனால் முன் வரிசையில் இருந்த கிழவர்கள் தலையாட்டியது விளங்கியது. படுக்கையில் இருக்கிற மனுசிக்கு அனுப்பவென்று மருமகள் வீடியோ எடுத்தாள்.

இவளைத் தெரிவு செய்யவில்லை. தெரிவான பிள்ளைக்குத் தாய் ஜப்பான், தகப்பன் டெனிஷ்காரன். அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இறங்கி வந்து என் பேத்தியைக் கட்டிப்பிடித்து அழுதது. ஆனால் யோசித்துப் பாரும், அதுவும் பாதிதான், இவளும் பாதிதான். அந்தப் பாதி ஒருவருடைய தொண்டையிலும் சிக்கவில்லை. என்னுடைய பாதிதான் சிக்கியது. பிறகு ஒரு நடுவர் மருமகளிடம் வந்து, இரண்டு கையாலும் அவளுடைய கையைப் பிடித்து, மகள் மிகவும் வடிவு, பாஷையும் திறம், ஆனால் அங்கே போனால் சனம் ஏற்காது, பிள்ளைக்குத்தான் மனக்கஷ்டம், அதை நினைத்துத்தான் விட்டோம் என்று சொன்னாராம். பிள்ளையின் நன்மைக்காம். பேத்தி எனக்கு அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர்கள் சாப்பிடத் தந்த சோற்றுருண்டை என் கையிலேயே பிசைந்து போனது. வாய்க்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. கைலேஞ்சியில் சுற்றிக் குப்பையில் போட்டேன். சோற்றை நான் குப்பையில் போட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

ரெயினில் திரும்பி வந்தோம். மருமகள் கிமோனோப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். மண்டபத்துக்குள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பேத்தி அங்கே இருந்து அழுதாள். தாய் கிட்ட நகர்ந்தாள். கையை நீட்டி, இரண்டு விரலால் மகளின் காது மடலைப் பிடித்து, மெல்லத் திருப்பி, ஒரு நொடி வைத்திருந்துவிட்டு விட்டாள்.

இவளுமா பார்க்கிறாள் என்று நினைத்தேன். தாய் என்ன செய்கிறாள் என்று பேத்தியைக் கேட்டேன்.

"ஆசீர்வாதம்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பள்ளிக்கூடச் சோதனைக்குப் போகேக்கையும் செய்வா. உங்களிட்டைப் பழகினதாம்."

நான் பிறந்த பிள்ளையின் காதைத் திருப்பினதைக் கட்டிலில் இருந்து பார்த்தாள் அல்லவா. முகத்தைக் கூடப் பார்க்காமல் முதலில் காதைத் தொடுகிறா, இது தமிழ் ஆட்களின் ஆசீர்வாதமாக்கும் என்று நினைத்துவிட்டாள். மாமி இப்படிச் செய்தா என்று தன் தாய்க்கும் அன்றைக்கே எழுதினாளாம். பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும், காய்ச்சல் வந்தால், பள்ளிக்கூடம் தொடங்கினால், அந்தக் காதை அப்படித் தொட்டே வளர்த்திருக்கிறாள். பத்தொன்பது வருசம். என்னுடைய அந்த ஊத்தை வேலையை எடுத்துக் கழுவி, என் சட்டியைக் கழுவின மாதிரி மினுக்கி வைத்திருந்திருக்கிறாள்.

பேத்திக்கு உண்மை தெரியும். எங்களுடைய சொந்தக்காரப் பிள்ளைகள் யாரோ சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். உன்னுடைய காதைப் பார்த்துவிட்டு உன் அப்பம்மாவுக்கு முகம் விழுந்து போச்சாம் என்று.

"அம்மாவுக்கு நான் சொல்லேல்லை," என்றாள். "நீங்கள் சொல்லப்போறீங்களோ?"

மருமகள் என்ன கதைக்கிறீர்கள் என்கிற மாதிரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாஷை இல்லாததால் சண்டை இல்லை என்று சொன்னேனே. அதனால் எங்களுக்குள் உண்மையும் இல்லை, பிள்ளை. நான் வாயைத் திறந்தேன். நாக்கில் அந்த மாவின் கயர்ப்பு இன்னும் இருந்தது. ஓம், ஆசீர்வாதம்தான் என்று தலையாட்டினேன். மருமகள் தமிழில் காணும் என்று சொல்லி, என் முழங்காலில் தட்டினாள். எது காணும் என்று சொன்னாளோ, எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து போனில் இருந்த காதுகளை எல்லாம் பேத்தியைக் கொண்டு அழிக்கச் சொன்னேன். அழிக்க அழிக்க வந்துகொண்டே இருந்தது. கறுத்த விளிம்பு, சிவந்த விளிம்பு, ஒன்றுக்கும் முகம் இல்லை. இந்தப் பிள்ளைகள் எல்லாம் இப்போது எங்கேயோ பள்ளிக்கூடம் போகிறதுகள், அதுகளின் முகம் எனக்குத் தெரியாது. சாமத்தியவீட்டுப் படத்தையும் கழற்றவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும், பார்த்துச் சிரிக்கலாம் என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருமகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லுவேனோ தெரியாது. ஆனால் இனி ஒரு காதை நிறம் பார்க்கத் திருப்பி, ஓம் என்று தலையாட்டின அந்தப் பொய்யைக் கெடுக்க என்னால் முடியாது. அதனால்தான் உமக்கும் சொல்கிறேன், என்னிடம் நிறம் கேட்க வேண்டாம். உம்முடைய மகளின் மாமி டெலிபோனில் பேரனின் நிறத்தைக் கேட்டால், கிழவிக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லும்.

அந்தா, எழும்பிவிட்டான். என்ன சத்தம் பாரும், சின்ன நெஞ்சுக்குள் இருந்து. கொண்டுவாரும் ராசாவை. தண்ணீரில் முழங்கையை வைத்துப் பாரும், சரியோ? சரி. துவாயை ஹீட்டரில் போடும். தலையை நான் பிடிக்கிறேன். நீர் ஊற்றும், மெல்ல மெல்ல, உச்சியில் ஊற்ற வேண்டாம். பொறும், பொறும், தண்ணீர் போய்விடும். காது இரண்டையும் நான் விரலால் மூடிக்கொள்கிறேன். இப்போது ஊற்றும்.